முக்காட்டுக்குள் கொட்டும் முடி

(பூதலூரில் நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை. சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)





போன மாதம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் தலைமுடியைப் பற்றி என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதும் இரண்டு பேர் சிரித்தார்கள். "செயலாளர் பாய்க்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். நியாயமான கேள்விதான். நமது தலையைப் பார்த்தவர்கள், இவருக்கு என்ன தகுதி என்றும் கேட்கலாம். நாம் வைத்தியரும் அல்ல. நமது மருத்துவ உதவி நிதிக்கு வந்த ஒரு மனுதான் இந்தப் பேச்சுக்குக் காரணம். அந்தத் தாயிடமும் மகளிடமும் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம். பெயரும் தெருவும் வேண்டாம்.

மகளுக்கு 21 வயது. நிச்சயம் முடிந்துவிட்டது, நான்கு மாதத்தில் நிக்காஹ். தலை சீவினால் சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வருகிறது, வகிடு அகன்றுகொண்டே போகிறது. டவுனில் ஒரு இடத்தில் காட்டியதில் ஆறு தடவை வரவேண்டும், மொத்தம் 18,000 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். பாதியாவது அறக்கட்டளை கொடுத்து உதவ வேண்டும். இதுதான் மனு.

கமிட்டியில் படித்தபோது யாருக்கும் பிடிக்கவில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கொடுக்கவே திணறுகிறோம், அழகுக்கா கொடுப்பது என்றார்கள். உண்மையைச் சொன்னால், நாமும் அந்தக் கட்சிதான். தள்ளுபடி என்று எழுதப் பேனாவை எடுத்தாயிற்று. நமது பெண்கள் பிரிவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவர், "மனுவைத் தள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு தடவை அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்றார்.

போனவர் தலையைப் பார்க்கவில்லை. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. நகம் குழிந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். மறுநாள் ரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 7.1. ஒரு பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது. தோண்டிக் கேட்டதில், மூன்று வருடமாக மாதம் எட்டு ஒன்பது நாள் உதிரப்போக்கு. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. முடி கொட்டுகிறது என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. அதைச் சொல்ல வரவில்லை.

அந்த 18,000 ரூபாயில் பாதியை நாங்கள் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலைக்கு ஏதோ தடவியிருப்பார்கள், ஊசி போட்டிருப்பார்கள். நிக்காஹ் நடந்திருக்கும். 7 பாயிண்ட் ரத்தத்தோடு அந்தப் பிள்ளை கர்ப்பமாகியிருப்பாள். மனுவைத் தள்ளிவிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தாலும் அதே கதிதான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பிரசவ வார்டில் வேலை பார்த்த அந்தச் சகோதரி சொன்னபோது, கமிட்டியில் யாரும் நிமிரவில்லை.

தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்து, உதிரப்போக்குக்கு மருந்து கொடுத்து, இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பயணத்துக்கும் வெளியே எடுத்த ஒன்றிரண்டு பரிசோதனைக்குமாக நமது நிதியிலிருந்து போனது 1,400 ரூபாய். நிக்காஹ் இரண்டு மாதம் தள்ளி நடந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்கள். அவர்கள் முகம் சுளிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நம் வீடுகளில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மற்ற வீடுகளில் ஒரு பெண்ணுக்கு முடி குறைந்தால் பக்கத்து வீட்டுக்காரி கண்டுபிடித்துக் கேட்டுவிடுவாள். நம் பெண்களின் தலை முக்காட்டுக்குள் இருக்கிறது. அது மார்க்கம், அதில் பேச்சில்லை. ஆனால் அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்பதுதான் சட்டமே தவிர, பெற்ற தாயும் கட்டிய கணவனும் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் தாய் தலை பின்னிவிடுவதை நிறுத்திவிடுகிறாள். அப்புறம் அந்தத் தலையை யாரும் பார்ப்பதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். முடி போகிறது என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதில் இரண்டு உண்டு: முடி உடைவது ஒன்று, வேரோடு உதிர்வது இன்னொன்று. சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகக் கடுகைவிடச் சிறிய குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்த முடி. குமிழ் இல்லாமல், குட்டையாக, நுனி பிரிந்து இருந்தால் நடுவில் உடைந்த முடி. உடைவது நாம் வெளியிலிருந்து செய்த வேலையால். உதிர்வதற்கான காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கும். இது தெரியாமல் உடைந்ததற்கு மாத்திரை தின்கிறோம், உதிர்ந்ததற்கு எண்ணெய் தேய்க்கிறோம்.

ஒரு ஆறுதலும் சொல்லிவிடுகிறோம். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கை. மூன்று நாள் தலை சீவாமல் நாலாம் நாள் சீவினால் கைநிறைய வரத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உடைவதை முதலில் பேசுவோம். முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, ஓட்டின் மேல் ஓடு அடுக்கியது போல இருக்கிறது. ஓடு படிந்திருந்தால் முடி மின்னும். தூக்கிக்கொண்டால் சிக்கு விழும், உடையும். ஓட்டைத் தூக்குகிற காரியங்கள் எல்லாம் நாம் தினமும் செய்பவைதான். துணி சோப்பு, குளியல் சோப்பு இரண்டிலும் காரம் உண்டு. அதைத் தலைக்குப் போட்டால் முடி சொரசொரவென்று ஆகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் இது இன்னும் மோசம். பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது என்றால் உங்கள் தண்ணீர் அந்த ரகம். சோப்பும் அந்த உப்பும் சேர்ந்து பிசுக்காக முடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் 'தண்ணீரால்தான் முடி கொட்டுகிறது' என்ற பேச்சை நாம் அப்படியே ஏற்பதில்லை. சவூதியிலும் துபாயிலும் இருந்து வரும் நம் பையன்கள் எல்லாரும் சொல்வது இது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனை மருத்துவர்கள் 15 பேரின் முடியை எடுத்து, ஒரு பங்கை உப்புத் தண்ணீரிலும் ஒரு பங்கைக் காய்ச்சி வடித்த நீரிலும் நனைத்து, இழுத்து அறுத்துப் பார்த்து 2013-ல் எழுதினார்கள். முடியின் பலத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும், வளைகுடாவுக்குப் போகும் வயது இருபத்திரண்டு, இருபத்தைந்து. அத்தாவுக்கும் மாமாவுக்கும் வழுக்கை விழ ஆரம்பித்த வயதும் அதுதான் என்பதை அந்தப் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். பரம்பரை வழுக்கைக்குத் தடவும் மருந்து உண்டு, தோல் மருத்துவரிடம் கேட்கலாம். நிறுத்தினால் பழையபடி போய்விடும் என்று தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். அதற்கு மேல் ஆண்களுக்கு இன்று நேரம் இல்லை.

அரப்பும் சீயக்காயும் நம் நன்னிமார்கள் போட்டது. காரம் இல்லாதது, நல்லதுதான். ஷாம்பு கெடுதல் என்று சொல்வதும் சரியல்ல. சோப்போடு ஒப்பிட்டால் ஷாம்பு மேல். இங்கே ஒரு செய்தி: ஷாம்பு என்பது 'சாம்போ', அதாவது பிடித்துவிடுவது என்ற நம் நாட்டுச் சொல்லிலிருந்து போனது. பாட்னாவில் 1759-ல் பிறந்த தீன் முஹம்மது என்ற ஒருவர் இங்கிலாந்து போய், பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் கூடம் நடத்தி, அந்நாட்டு மன்னர்களுக்கே தலையும் உடம்பும் பிடித்துவிட்டவர். அந்தப் பெயர் பிறகு புட்டிக்குள் போயிற்று. புட்டியிலிருந்து ஒரு ரூபாய் பாக்கெட்டுக்குள் அதை அடைத்து கிராமத்துக்குக் கொண்டுவந்ததில் நம் கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பாக்கெட்டை அப்படியே உச்சந்தலையில் பிழியாமல், ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, மண்டைத் தோலுக்குத் தேய்த்தால் போதும். நுனி வரை போட்டுக் கசக்க வேண்டாம்.

எண்ணெய்? தேங்காய் எண்ணெய் முடிக்குள் கொஞ்சம் இறங்கி, கழுவும்போது முடியின் புரதம் கரைவதைக் குறைக்கிறது என்று மும்பையில் செய்த ஆய்வு 2003-ல் வந்தது. செய்தவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்தவரை விஷயம் சரிதான். எண்ணெய் முடி உடைவதைக் குறைக்கும், வேரில் முடி முளைக்க வைக்காது. குளிப்பதற்கு முன் வைப்பதில்தான் பலன் அதிகம். பொடுகு இருப்பவர்கள் எண்ணெயைக் குறைக்க வேண்டும். பொடுகு வறட்சியால் வருவதில்லை, அதில் ஒரு பூஞ்சைக்கும் பங்கு உண்டு, எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. கீட்டோகோனசோல் ஷாம்பு மருந்துக் கடையில் கிடைக்கிறது. வாரம் இரண்டு நாள் போட்டு, ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசுங்கள். ஒரு மாதத்தில் கேட்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

தாய்மார்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டியது ஈரத்தலை. நனைந்த முடி ரப்பர் போல இழுபட்டு அறுந்துபோகும். அதை அகலப் பல் சீப்பால், கீழிருந்து சிக்கெடுத்து மேலே வரவேண்டும். நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? காலையில் குளித்து, பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், ஈரத்தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, அதன் மேல் நைலான் தொப்பி, அதன் மேல் மக்கனா. சாயங்காலம் அவிழ்த்தால் ஈரம் அப்படியே இருக்கும். வாடையும் அரிப்பும் வேறு. தலை அலசுவதை முந்தின இரவுக்கு மாற்றுங்கள். உள்தொப்பி பருத்தித் துணியில் இருக்கட்டும். கொண்டையைத் தளர்த்திப் பிடரியில் போடுங்கள், இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்தால் நெற்றி ஓரத்திலும் பொட்டுப் பக்கத்திலும் முடி பின்வாங்கும். ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்ப முளைக்கும். வருடக்கணக்காக விட்டால் வேரே செத்துவிடும், பிறகு எந்த மருந்தும் இல்லை.

கடமையான குளிப்புக்குத் தினமும் பின்னலை அவிழ்த்து அலச வேண்டுமோ என்று சில புதுப்பெண்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று பெண்கள் பிரிவில் சொன்னார்கள். இதே கேள்வியை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். பின்னலை அவிழ்க்க வேண்டியதில்லை, தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினால் போதும் என்ற கருத்தில் பதில் கிடைத்ததாக முஸ்லிம் நூலில் இருக்கிறது. தண்ணீர் முடியின் வேரில் படவேண்டும் என்பதையும், மாதவிடாய்க் குளிப்பின் விவரத்தையும் ஆலிமாவிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இனி உதிர்வது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். மூன்று மாதக் கணக்கு. உடம்புக்கு ஒரு பெரிய அடி விழுந்தால், டைபாய்டோ டெங்குவோ, ஆபரேஷனோ, பிரசவமோ, நிறைய முடிகள் ஒரே சமயத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து கீழே விழ இரண்டு மூன்று மாதம் ஆகும். அதனால் முடி கொட்டும்போது, போன வாரம் மாற்றிய ஷாம்புவைத் திட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். கொரோனா வந்து போனபின் வீட்டுக்கு வீடு முடி கொட்டியதே, அதுவும் இந்தக் கணக்குதான்.

'பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இளவயதில் நாம் அதை மூடநம்பிக்கை என்று நினைத்ததுண்டு. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில். தாய்க்கு முடி கொட்டத் தொடங்குவதும் அதே காலத்தில். காரணத்தை மாற்றிச் சொன்னார்கள், காலத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் தானாக முளைத்துவிடும்.

புகாரியில் ஒரு செய்தி வருகிறது. ஒரு தாய் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, மகளுக்கு அம்மை கண்டு முடி உதிர்ந்துவிட்டது, அவளுக்குத் திருமணம் செய்துகொடுத்திருக்கிறேன், ஒட்டுமுடி வைத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது என்று மறுத்துவிட்டார்கள். ஒட்டுமுடியின் சட்டத்தை ஹஜ்ரத்மார்கள் விளக்குவார்கள். நமக்கு அதில் படுவது வேறொன்று. நோய் கண்டபின் முடி கொட்டுகிறது, கல்யாணம் நிற்கிறது, தாய் தவிக்கிறாள். ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன்னாலும் இதே கவலைதான். அந்தத் தாய் கூச்சப்படாமல் நேரே போய்க் கேட்டார்.

காய்ச்சலும் இல்லை, பிரசவமும் இல்லை, ஆறு மாதமாகியும் நிற்கவில்லை என்றால் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, முடிந்தால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்புக் காலியாகிக் கிடக்கும் பெண்கள் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று வந்தது. திரைக்கு அந்தப் பக்கம் இப்போது நாற்பது பேர் இருந்தால், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் செய்யக்கூடியது உண்டு. ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் நமக்கு ஹலால்தான். வாங்கினால் ஆண்களுக்கும் பையன்களுக்கும் வைத்துவிட்டுச் சட்டியை வழித்துத் தின்பதை விட்டு, வயசுப் பெண்ணுக்கு முதலில் வையுங்கள். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லது, கூட ஒரு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நம் வீடுகளில் இந்த ஒன்றுதான் கஷ்டம் என்று தெரியும். ஆனால் ரத்தம் 9, 8 என்று இறங்கியபின் கீரையால் மட்டும் ஏறாது, மாத்திரை வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் நிறம், பயமில்லை. அளவு சரியானபின்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் கொடுக்கும் மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிவதாகக் கேள்விப்படுகிறோம். பூச்சி மாத்திரையும் அப்படியே. அதை விசாரியுங்கள். முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். மருந்து தொடங்கி ஆறு மாதம் பொறுத்துத்தான் தலையில் தெரியும்.

மதரஸாப் பிள்ளைகளுக்கு வருவோம். தலையில் வட்டமாக, செதில் செதிலாக, முடி ஒடிந்து, அரிப்போடு ஒரு இடம் தெரிந்தால் அது மண்டைப் படர்தாமரை. மேலே தடவும் களிம்பால் மட்டும் போகாது, சில வாரம் மாத்திரை சாப்பிட வேண்டும். விட்டால் தழும்பாகி அந்த இடம் சொட்டையாகவே நின்றுவிடும். சீப்பு, துண்டு, தொப்பி வழியாகப் பரவும். புழுவெட்டு வேறு. அதில் செதில் இல்லை, அரிப்பு பெரும்பாலும் இல்லை, காசு அளவு வழவழவென்று இருக்கும். பெயர்தான் புழுவெட்டு, எந்தப் புழுவும் வெட்டவில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேரைத் தவறாகத் தாக்குவதால் வருவது. மண்ணெண்ணெய், பூண்டு என்று தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். பலருக்குத் தானே முளைக்கும், மருந்தும் உண்டு. இன்னொன்று, மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்று பெண்பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். அகீகாவில் முடி இறக்குவது சுன்னத், அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வதும் நல்ல காரியம். சவரம் வேரைத் தொடுவதில்லை.

இப்போது சாயம். இதில் நமக்கே அனுபவம் உண்டு. சென்ற வருடம் மகன் நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்பு, போட்டோவில் தாடி வெள்ளையாக விழவேண்டாம் என்று கடையில் ஒரு கறுப்புப் பொடி வாங்கிப் பூசிக்கொண்டோம். மறுநாள் சுபுஹுக்கு எழுந்தால் கண் திறக்கவில்லை. முகம் பூசணிக்காய். நீர் வடிந்தது. ஊசி போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு நிக்காஹ் மஜ்லிஸில் உட்கார்ந்தோம். வந்தவர்கள் கண்வலி என்று நினைத்து எட்டியே நின்றார்கள். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தையார் அபூ குஹாஃபா அவர்களின் நரையை மாற்றச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், கறுப்பைத் தவிர்க்கும்படியும் சொன்னார்கள். மதரஸாவில் அதை ஓதியவர்கள்தான் நாம். ஓதியது போட்டோ ஆசையில் மறந்துபோயிற்று.

அந்தப் பொடியில் இருந்தது பி.பி.டி. எனப்படும் பாராஃபெனிலின் டயமின். 'மருதாணிப் பொடி' என்றே அட்டையில் போட்டிருந்தார்கள். மருதாணி இலை செம்மையைத்தான் தரும், அதற்கும் மணிக்கணக்கில் ஊறவேண்டும். அரைமணியில் கன்னங்கரேலென்று பிடித்தால் அது இலை இல்லை, ரசாயனம். பெருநாள் இரவில் பிள்ளைகள் கையில் போடும் கறுப்பு மெஹந்தி கோனிலும் இதே சங்கதி இருக்கலாம். கை கொப்பளித்தால் அன்றோடு போவதில்லை, வாழ்நாள் முழுவதும் எந்தச் சாயமும் ஒத்துக்கொள்ளாமல் ஆகிவிடக்கூடும். சாயம் போட்டே தீரவேண்டும் என்பவர்கள் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். முன்பு பத்து தடவை ஒன்றும் செய்யவில்லை என்பது கணக்கில் சேராது. நமக்கும் முன்பு ஒன்றும் செய்யவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்தச் சாயம் வயிற்றுக்குள் போனால் கழுத்தும் தொண்டையும் வீங்கி மூச்சை அடைக்கும். பிறகு சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் நின்றுபோகும். சூடான் நாட்டில் மருதாணியோடு இதைக் கலக்கும் பழக்கத்தால் வந்த மரணங்களைப் பற்றி மருத்துவர்கள் 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளுக்கும் இது புதிதல்ல. வீட்டில் மிச்சம் வைக்காதீர்கள், அலமாரியில் பிள்ளை கைக்கு எட்டும்படி வைக்கவே வைக்காதீர்கள். யார், எதற்காகக் குடித்திருந்தாலும், விசாரணை வேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கொஞ்சம் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் திருப்பி அழைத்து வராதீர்கள். மனம் விட்டுப் பேச ஆள் இல்லாதவர்களுக்கு 104 என்ற எண் இரவும் பகலும் இருக்கிறது.

கல்யாணப் பெண்களுக்கு முடி நேராக்கும் பழக்கம் இப்போது பூதலூர் வரை வந்துவிட்டது. சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, சூடு பட்டால் கண்ணும் தொண்டையும் எரியும். அது வேண்டாம் என்று கிளையாக்ஸிலிக் அமிலத்துக்கு மாறினார்கள். அதிலும் ஒரு செய்தி: 26 வயதுப் பெண் ஒருவர் மூன்று தடவை முடி நேராக்கிக்கொண்டார், மூன்று தடவையும் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டது என்று பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-ல் எழுதினார்கள். மண்டைத் தோல் வழியாக உள்ளே போயிருக்கிறது. சுருட்டை முடி நோயல்ல என்று மாமியார்மார்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் இந்தச் செலவு நின்றுவிடும்.

அறிவிப்புகள் மூன்று. அடுத்த ஞாயிறு காலை பத்து மணி முதல் பெண்கள் பிரிவில் ஹீமோகுளோபின் பரிசோதனை, இன்ஷா அல்லாஹ். 12 வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளை அழைத்து வாருங்கள், பெயரைத் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சகோதரியிடமே கொடுங்கள், ஆண்கள் யாரும் பட்டியலைப் பார்க்க மாட்டோம். அளவு குறைவாக இருப்பவர்கள் தஞ்சாவூர் போய்வர ரயில் செலவை நிதியிலிருந்து தருகிறோம். இரண்டாவது, முடி சம்பந்தமான மனு என்றால் கமிட்டிக்கு வருமுன் அந்தச் சகோதரி ஒருமுறை நேரில் பார்ப்பார், அதன் பிறகுதான் முடிவு. மூன்றாவது, பள்ளிவாசல் வாசலில் கூடையில் கிடந்த பிளாஸ்டிக் தொப்பிகளை இன்று லுஹருக்குப் பின் எடுத்துவிட்டோம். எத்தனை வருடத்து வேர்வை அதில் இருந்ததோ அல்லாஹ்வுக்கே தெரியும். தலைக்கு ஒரு தொப்பி, அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். வாங்க முடியாத பிள்ளைகளுக்குத் தைத்துத்தரத் துணி வாங்கியாயிற்று, தையல் தெரிந்த தாய்மார்கள் இரண்டு பேர் தேவை.

வஸ்ஸலாம்.